அம்மன் போகும் வழியில் போன தண்ணீர்த் தொட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மலையின் கடைத்தெருவில் ஒரு தண்ணீர்த் தொட்டி ஊர்வலம் வந்தது.

பச்சை நிறத் தொட்டி. நாலைந்து பேர் கைகோத்து நின்றால்தான் அணைக்க முடிகிற வயிறு. அம்மன் சப்பரத்தின் கம்புகள் மேல் அதை ஏற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்புகளுக்குக் கீழே வியர்வையில் நனைந்த தோள்கள். முன்னால் மாரிமுத்து அண்ணன் தப்பு அடித்துக்கொண்டே பின்னோக்கி நடந்து வந்தார்.

இரும்புக்கடைச் சீனர் ஆ லெக் மேளச் சத்தம் கேட்டதும் தட்டு நிறைய ஆரஞ்சுத் தண்ணீர்க் கோப்பைகளோடு வெளியே ஓடி வந்தார். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு அவர் அப்படித்தான் வருவார். தட்டை நீட்டியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

“அம்மா எங்க?” என்று கேட்டார்.

தொட்டி போய்ச் சேர வேண்டிய இடம் கடைத்தெரு இல்லை, மலையின் உச்சி. கடைத்தெரு அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது.

நான் பின்னால் பெண்களோடு நடந்து வந்தேன். ஓய்வு பெறும்வரை கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்றவள் நான். சாட்சிகள் என்னென்னவோ உளறியதையெல்லாம் முகம் மாறாமல் மூன்று மொழிகளில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு மொழியிலும் வாய் திறக்கவில்லை.

பேர் சொல்லாத மலை

சென்ற வாரம் இந்தப் பத்தியில், கெமாஸ் ரயிலடியில் நான் வளர்ந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “இப்போது எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தார். குவாலா பிலா தாண்டி ஒரு மலையில் இருக்கிறேன், அம்மா. பேர் போட மாட்டேன். போட்டால் வந்து பார்ப்பீர்கள். வந்தால் குடிக்கத் தண்ணீர் கேட்பீர்கள். எங்கள் மலைக்கு அது கட்டுப்படியாகாது.

கெமாஸில் எனக்குத் தண்ணீர்ப் பஞ்சம் தெரியாது. நீராவி எஞ்சின் காலத்தில் ரயிலுக்கென்று கட்டிய பெரிய தொட்டி ஒன்று அங்கே இருந்தது. “ரயிலு குடிச்ச மிச்சமே நமக்கு ஏழு தலைமுறைக்கு வரும்” என்பார் அப்பா. கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த மறுநாள் காலை குழாயைத் திறந்தேன். அது இருமியது. பிறகு தும்மியது. அதோடு சரி. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று சிரித்தார். “இங்க தண்ணிக்கும் லீவு நாளு உண்டு” என்றார்.

இது ரப்பர்த் தோட்டமாக இருந்த மலை. பிறகு செம்பனை வந்தது. பிறகு கம்பெனி பாதியை விற்றுவிட்டுப் போனது. தோட்டத்து வீடுகள் மட்டும் ஜனங்களிடம் நின்றன. கீழ் வரிசை, மேல் வரிசை என்று இரண்டு தெரு. அடிவாரத்தில் கோயில், அதற்குச் சற்று மேலே முச்சந்தி. முச்சந்தியில் வலது கைப்பக்கம் திரும்பினால் மலைச்சாலை, இடது கைப்பக்கம் திரும்பினால் கடைத்தெரு. கடைத்தெருவைத் தாண்டினால் மலாய்க்காரர்களின் கிராமம், கம்போங். அங்கிருந்து வளைந்து வந்தால் மறுபடியும் கோயில். இவ்வளவுதான் எங்கள் உலகம்.

தோட்டம் இருந்த காலத்தில் விளக்கு எரியவில்லை என்றால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்வார்கள். கிராணி துரையிடம் சொல்வார். துரை காதில் போட்டுக்கொண்டால் எரியும். கம்பெனி போன பிறகு சொல்வதற்குக் கிராணியும் இல்லை, கேட்பதற்குத் துரையும் இல்லை. அப்போதுதான் கமிட்டி பிறந்தது.

எனக்குக் கமிட்டி என்றாலே ஒவ்வாது. கோர்ட்டுக்கு வரும் வழக்கில் பாதி ஏதாவது ஒரு கமிட்டி பெற்ற பிள்ளைதான். எங்கள் மலையிலோ கோயிலுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. ஆட்கள் எல்லாவற்றிலும் அதே ஆட்கள். கூட்டமும் வீட்டு வாசலில், தேத்தண்ணி நேரத்தில்தான். பலகாரம் தீர்ந்தால் கூட்டம் முடிந்தது.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கு வந்தது இவர்களால்தான். குப்பை லாரி மேல் வரிசை வரை ஏறி வந்தது இவர்களால்தான். லோங்காங், அதாவது சாக்கடை, அடைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், ஊர்கூடி வேலை என்று மண்வெட்டியோடு எல்லாரும் இறங்கிவிடுவார்கள். எந்தத் திட்டம் போட்டாலும் கடைசியில் ஒரு வாக்கியம் வரும்: “அங்க போயி பாத்துக்கலாம்.” அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். போய்ப் பார்த்தால் எப்படியோ நடந்தும்விடும். அதனால் எரிச்சல் இரட்டிப்பாகும்.

சரோஜாவின் குழாய்

தண்ணீர்க் கமிட்டியின் தலைவி சரோஜா. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்து ஓய்ந்தவள். ஊரே கேட்கிற குரல். மாவட்ட மன்றத்து அதிகாரிகள் அவள் நம்பரைப் பார்த்தால் போனை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள் என்று கேள்வி.

அவளுக்கு மேல் வரிசையில் கடைசி வீடு. கணவர் முனியாண்டி. அந்தக் காலத்தில் அம்மன் சப்பரத்தின் முன்கம்பில் வலது பக்கம் நின்றவர். முன்கம்பு வலது பக்கம் என்றால் எங்கள் ஊரில் அது ஒரு பதவி. சிறுநீரகம் இரண்டும் கெட்டபின் அந்த உடம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

அவருக்கு வயிற்றில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். வீட்டிலேயே மருந்துத் தண்ணீர்ப் பையை மாட்டிக் கழிவை இறக்க வேண்டும். பகலில் பலமுறை. ஒவ்வொரு முறையும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பையைத் தொட வேண்டும். வாளித் தண்ணீரை மொண்டு கழுவினால் ஆகாது. ஒரு தடவை வயிற்றுக்குள் கிருமி போய் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். “ஓடுற தண்ணி இல்லாத வீட்டுல இத செய்யாதீங்க” என்று ஆஸ்பத்திரி மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

மேல் வரிசையில் தண்ணீர் ஓடுமா? ஓடும். விடிவதற்கு முன், கீழே யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில் மேலே ஏறி வரும். கீழ் வரிசையில் முதல் அடுப்பு பற்றியதும் இறங்கிவிடும். பிறகு பகல் முழுக்க மேல் வரிசைக் குழாய்கள் சுவருக்கு அலங்காரம்.

உச்சியில் ஒரு தொட்டி வைத்தால் விடியற்காலை ஏறுகிற அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பகலில் இறக்கலாம். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தண்ணீர் இலாகா சரி என்றது. மாவட்ட மன்றம் தொட்டியே கொடுத்தது. உச்சியில் அடித்தளமும் போட்டாயிற்று. அப்போது பார்த்து அடைமழை. மலைச்சாலை ஓரிடத்தில் பாதி சரிந்து பள்ளத்தில் விழுந்தது. அதன்மேல் லாரி ஏறக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். தொட்டியைக் கோயில் திடலில் இறக்கி வைத்துவிட்டு, “ரோடு ரிப்பேர் ஆகட்டும்” என்று சொல்லிப் போனார்கள். ரோடு எப்போது என்று கேட்டால் அடுத்த வருஷம்.

முனியாண்டிக்கு அடுத்த வருஷம் இல்லை. மகன் தினேஷ் சிரம்பானில் வேலை பார்க்கிறான். நல்ல பையன். அப்பாவைப் பார்த்துப் பயந்துபோய் அங்கே ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை சாமான் ஏற்ற லாரிக்கும் சொல்லிவிட்டான்.

“லிஃப்டுல ஏத்தி எறக்க நான் என்னடா சாமானா?” என்றார் முனியாண்டி.

“அங்க எந்நேரமும் தண்ணி வருதுப்பா.”

ஊருக்கே தண்ணீர் கேட்டு அலைந்தவள் தன் வீட்டுக் குழாய்க்குத் தோற்று மலையை விட்டு இறங்கப் போகிறாள். என் வீட்டுக்கு வந்து ஒரு முறைதான் அழுதாள். “ரெண்டு நாளாக்கா, அவரு சுவத்தயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு” என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தொட்டிய நாமளே தூக்கிட்டா என்ன?” என்று கேட்டாள்.

கம்புக்கும் வேலை வேணும்

தூக்குவது என்றால் எதைக் கொண்டு? எங்கள் ஊரில் பாரமான ஒன்றை மேட்டில் தூக்கிப் பழகியவர்கள் சப்பரம் தூக்குகிறவர்கள்தான். மலையென்பதால் இங்கே அம்மனுக்குச் சக்கரம் வைத்த ரதம் கிடையாது, தோள்தான். ஆகவே அம்மனின் கம்புகள் வேண்டும்.

கோயில் கமிட்டி கூடியது. சாமி கம்பில் பிளாஸ்டிக் தொட்டியைக் கட்டுவதா என்று மறுத்தது. மறுநாள் தண்ணீர்க் கமிட்டி கூடியது. ஏன் மறுத்தார்கள் என்று கோபப்பட்டது. இரண்டும் ஒரே ஆட்கள் என்று சொன்னேன் அல்லவா? முதல் நாள் மறுத்த வாயாலேயே மறுநாள் கோபப்பட்டார்கள். நான் கோர்ட்டில்கூட இப்படி ஒரு வழக்கைப் பார்த்ததில்லை.

சரோஜா முடித்து வைத்தாள். “கம்பு வருஷம் பூரா கோயிலு மூலையில படுத்துக் கெடக்குது. அதுக்கும் வேலை வேணும்ல? அம்மாவுக்குக் கோவம்னா என்கிட்ட வரட்டும். நான் பேசிக்கிறேன்.”

அம்மனோடு சரோஜா பேசினால் அம்மன் பாடு என்ன ஆகும் என்று யோசித்தோ என்னவோ, பூசாரி கற்பூரம் காட்டிக் கம்புகளை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

“சரிஞ்ச எடத்த எப்படித் தாண்டுறது?” என்று நான் கேட்டேன்.

“அங்க போயி பாத்துக்கலாம்க்கா” என்றார்கள், ஒரே குரலில்.

குதிகாலைப் பார்

சப்பரம் தூக்குவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. தோள் கொடுத்தவன் நிமிர்ந்து வழியைப் பார்க்கக் கூடாது. முன்னால் போகிறவன் குதிகாலைத்தான் பார்க்க வேண்டும். பேசக் கூடாது. காது மட்டும் மேளத்தில் இருக்க வேண்டும். நில், நட, திரும்பு எல்லாவற்றையும் தப்புதான் சொல்லும். அடிக்கிற மாரிமுத்து அண்ணனோ, தூக்குகிறவர்கள் கால் ஒன்றுபோல் விழுகிறதா என்று பார்த்தபடி பின்னோக்கி நடப்பார். ஆக, வழியை யாருமே பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அம்மன் எத்தனையோ வருடமாக ஒரே வழியில்தான் போகிறாள்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அன்று காலை தொட்டி திடலிலிருந்து எழும்பியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அத்தனை பாரம் தப்பின் ஒரே அடியில் எழுந்து நின்றது. அப்பாவை அழைத்துப் போக முன்கூட்டியே சாமான் கட்ட வந்திருந்த தினேஷையும் விடவில்லை. உயரமான பையன் என்று முன்கம்பில் நிறுத்திவிட்டார்கள், வலது பக்கம். அவன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

முச்சந்தி வந்தது. வலது கைப்பக்கம் மலை. தொட்டி அழகாக, ஒரு குலுக்கல் இல்லாமல், இடது கைப்பக்கம் திரும்பியது.

யார் திருப்பியது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. “நான் திருப்பல. அவனுங்க காலு திரும்புச்சு, என் கை அதுக்கு அடிச்சுச்சு” என்கிறார் மாரிமுத்து அண்ணன். “தப்பு சொல்லுச்சு, நாங்க போனோம்” என்கிறார்கள் தூக்கியவர்கள். பின்னால் வந்த பெண்களாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்களுக்கும் அதுதான் பழகிய வழி. ஆ லெக் வந்து அம்மாவைக் கேட்கும்வரை ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திருப்பிக்கொண்டு போகலாம் என்றால் முடியாது. கம்புகள் நீளம். தெருவின் இரண்டு பக்கமும் லோங்காங். போதாததற்கு அம்மன் பின்னால் நடப்பதில்லை என்பதால் பின்னால் நடக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. கடைத்தெரு, கம்போங் என்று முழுச் சுற்றும் சுற்றிக் கோயிலுக்கே வந்து, மறுபடி முச்சந்தி ஏற வேண்டும். அதற்குள் தோள் செத்துவிடும். அதன்பிறகுதானே மலை.

தினேஷின் முகத்தைப் பார்த்தேன். அழுகிற மாதிரி இருந்தது.

அந்த நேரம் மேல் வரிசையில் நடந்ததைச் சரோஜா பிறகு சொன்னாள். வாசலில் நாற்காலி போட்டு முனியாண்டியை உட்கார வைத்திருந்தாளாம். மேளம் கிட்டே வரும் என்று பார்த்தால் தூரமாகப் போனதாம். முனியாண்டி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“கடத்தெருவுக்குப் போயிட்டானுங்க” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான் என்றாள் சரோஜா. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாராம்.

யூசோப்பின் தோள்

ஆ லெக் முதலில் தட்டில் இருந்ததை எல்லார் வாயிலும் ஊற்றினார். திருவிழாவில் அப்படித்தான், தூக்குகிறவர்கள் கை எடுக்க முடியாது. பிறகு தட்டைக் கடை வாசலில் வைத்துவிட்டு, இது எங்கே போகிறது என்று மறுபடி கேட்டார். சொன்னோம். அவர் கடைக்குள் போய்ப் பெரிய கயிற்றுச் சுருள் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். கூடவே கடையில் வேலை செய்கிறவர்களும் வந்தார்கள். கடைக்கதவை இழுத்து மூடியாயிற்று.

கம்போங் வாசலில், நாங்கள் பாக் சிக், அதாவது மாமா, என்று கூப்பிடும் யூசோப் நின்றிருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்ததால் தமிழ் பேசுவார். அவர் தமிழில் எல்லாரும் ‘நீ’தான், பூசாரி உட்பட. திருவிழா வந்தால் வாசலில் மேசை போட்டு ரோஸ் சிராப் கொடுப்பார். அவ்வளவுதான் செய்வார். சாமியைத் தோளில் சுமப்பது அவர் மார்க்கத்துக்கு ஆகாது. எங்கள் பக்கமும் விரதமிருந்து காப்புக் கட்டியவன்தான் சாமி ஏறிய கம்பைத் தொடலாம். இது இரண்டு பக்கமும் தெரியும். யாரும் யாரையும் கேட்டதில்லை. அவர் ஒவ்வொரு வருடமும் ஓரமாக நின்று, மேளத்துக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டே பார்ப்பார்.

தொட்டி அவர் வாசலில் வந்து நின்றது.

அவர் சுற்றி வந்து பார்த்தார். விரல் மடக்கித் தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“இது சாமி இல்ல?”

“இல்ல, பாக் சிக். தண்ணி டேங்கு.”

“ஆயேர் தானே? தண்ணி தானே?”

“தண்ணிதான்.”

“அப்பொ போலே லா, ஆகும்” என்றார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். “நீ தள்ளு. அம்பது வருசம் நான் பாத்துக்கினு நிக்குது. இன்னிக்கி நான் தூக்கும்.”

பின்கம்பில் இருந்த ஒரு பையனை விலக்கிவிட்டுத் தோளைக் கொடுத்தார். மேளம் விழுந்தது. அவருடைய கால் முதல் அடியிலேயே சரியாக விழுந்தது. ஒருவரும் சொல்லித் தரவில்லை. மாரிமுத்து அண்ணன் அடித்துக்கொண்டே என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அவர் பின்னால் கம்போங்கிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் உள்ளே திரும்பிக் கூப்பிட்டது இரண்டு பேரைத்தான். வந்தவர்களை எண்ண எனக்குத் தோன்றவில்லை. இவர்களில் ஒருவர் வீட்டுக்கும் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது.

பள்ளத்தில் நின்ற கைகள்

ஒற்றுமையைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்டுக் கேட்டே என் காது புளித்துப்போயிருக்கிறது. அதனால் அந்தச் சொல்லை எழுதாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

சுற்றி வந்து கோயிலைத் தாண்டி, முச்சந்தியில் இந்த முறை வலது கைப்பக்கம் திரும்பி, சாலை சரிந்த இடத்துக்கு வந்தோம். பாதிச் சாலைதான் மிச்சம். ஒரு வரிசை ஆட்கள் நடக்கலாம். மறு வரிசைக்கு மண் இல்லை, பள்ளம்தான். ‘அங்க போயி பாத்துக்கலாம்’ என்று சொன்ன இடம் இதுதான். இப்போது எல்லாரும் பார்த்தார்கள். கோயில் திடலிலிருந்து கிளம்பிய ஆட்கள் மட்டும் வந்திருந்தால் அங்கேயே தொட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியிருப்போம். அது எனக்கு இப்போதும் நிச்சயம்.

யாரும் உத்தரவு போடவில்லை. யூசோப்தான் முதலில் பள்ளத்தில் இறங்கினார். சேறு முழங்கால் வரை ஏறியது. அவர் பக்கத்தில் இன்னொருவர் இறங்கினார். அதற்கடுத்து இன்னொருவர். சாலை விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற இடம்வரை ஒருவரை ஒருவர் ஒட்டி நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்கள். மேலே மரத்தில் சுற்றிய கயிற்றை ஆ லெக்கும் அவர் ஆட்களும் இழுத்துப் பிடித்தார்கள். உள்பக்கக் கம்பை எங்கள் ஆட்கள் தோளில் வாங்கினார்கள்.

மாரிமுத்து அண்ணன் தப்பை மெதுவாக அடித்தார். ஒரு அடி. ஒரு மூச்சு. ஒரு அடி.

வெளிப்பக்கக் கம்பு பள்ளத்தில் நின்றவர்கள் கைமேல் நகர்ந்தது. ஒரு கை விட, அடுத்த கை வாங்கியது. நான் நின்ற இடத்திலிருந்து ஆட்களின் முகம் தெரியவில்லை. கைகள் மட்டும்தான் தெரிந்தன. சேறு பூசிய கைகள். எது யார் கை என்று சொல்ல முடியாது. அந்தப் பச்சைத் தொட்டி தண்ணீரில் போகிற மாதிரி அவற்றின் மேல் போனது.

நான் பிரமித்துப் போனேன். கையெடுத்துக் கும்பிட்டேனாம். எனக்கு நினைவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அம்மன் வீதி வரும்போதுகூட அரைக்கண்ணால் கும்பிட்டுவிட்டு மோருக்குக் கூட்டம் குறைந்ததா என்று பார்க்கிறவள் நான்.

தாண்டியது. அதற்கப்புறம் மேல் வரிசை. தப்பு மறுபடி வேகம் பிடித்தது. உச்சிக்கு நேராகப் போக வேண்டியவர்கள் கடைசி வீட்டு வாசலில் நின்றார்கள். அம்மன் வீடு வீடாக நிற்பாளே, அந்தப் பழக்கம்தான். ஆனால் வேறு எந்த வீட்டிலும் அன்றைக்கு நிற்கவில்லை.

சரோஜா வாசலில் வெறுங்கையோடு நின்றாள். ஆரத்தித் தட்டு எடுத்து வைக்க அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஊரைக் கூட்டுகிற அந்தக் குரல் எங்கே போனதோ, வாயைப் பொத்திக்கொண்டாள். முனியாண்டி நாற்காலியைப் பிடித்து எழுந்தார். ஒவ்வொரு அடியாக வந்து முன்கம்பில், மகனின் தோளுக்குப் பக்கத்தில், உள்ளங்கையை வைத்தார். பாரம் தூக்கக் கூடாத உடம்பு, சும்மா வைத்தார்.

“எல்லாப் பயலும் சுத்தித்தான் வந்திருக்கீங்க” என்றார். “நீயுமாடா?”

தினேஷ் தலை நிமிரவில்லை. “காலு தானா போயிருச்சுப்பா” என்றான்.

நடுப்பகல் தண்ணீர்

தொட்டி உட்கார்ந்த பிறகு குழாய் பொருத்த இரண்டு மூன்று நாளானது. தண்ணீர் இலாகா ஆட்கள் வந்து, இது எப்படி மேலே வந்தது என்று கேட்டார்கள். சொன்னோம். அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு நடுப்பகலில் சரோஜா வீட்டுக் குழாயைத் திறந்தார்கள். வெயில் கொளுத்துகிற நேரம், கீழ் வரிசை முழுக்கத் துணி துவைக்கிற நேரம். குழாய் இருமவில்லை, தும்மவில்லை. தண்ணீர் ஒரே சீராக விழுந்தது.

முனியாண்டி கையை நீட்டினார். சோப்புப் போட்டார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று மிஸ்ஸி சொல்லிக் கொடுத்த மாதிரியே கழுவினார். கழுவி முடித்த பிறகும் கையை எடுக்காமல் நின்றார். யாரும் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று சொல்லவில்லை, சரோஜாகூட.

அவள் மகனுக்குப் போன் போட்டாள். போனைக் குழாய்ப் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

“என்னம்மா சத்தம்?” என்று கேட்டான்.

“மணி என்னான்னு பாரு” என்றாள்.



சனிக்கிழமை லாரி வந்தது. சொன்ன சொல்லை மாற்ற மனமில்லாமலோ, வேண்டாம் என்று சொல்ல மறந்தோ, தினேஷ் அதில் ஏறி வந்திருந்தான். முச்சந்திக்கு மேல் லாரி ஏறக் கூடாதென்று கீழேயே நிறுத்தினார்கள். மேலே வீட்டு வாசலில் கட்டி வைத்த பெட்டி ஒன்றும் இல்லை. சரோஜா இறங்கி வந்து லாரியைச் சுற்றிப் பார்த்தாள்.

“வந்த லாரிய வெறுமனே அனுப்பக் கூடாது” என்றாள். “தொட்டிய சுத்தி ஒரு சின்ன செவரு எழுப்பணும், மழைக்கு மண்ணு அரிக்கும். ஆ லெக் கடையில மணலு சொல்லி வெச்சிருக்கேன். போயி ஏத்திட்டு வாங்க.”

தினேஷ் அம்மாவைப் பார்த்தான். லாரிக்காரரைப் பார்த்தான். பிறகு போய் ஏற்றிக்கொண்டு வந்தான்.

மணல் மூட்டைகளைக் கோயில் திடலில் இறக்கினார்கள். அன்றைக்கு மேளம் இல்லை, கூட்டம் இல்லை. அவன்தான் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினான், வலது தோளில். முச்சந்தி வரைக்கும் நான் பேசிக்கொண்டே கூட நடந்தேன். அங்கே வந்ததும் அவன் கால் இடது பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தது. நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். மூட்டையைச் சரியாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு, வீட்டைப் பார்த்து மலையேறினான்.